மோட்டார் பெட்டிக்குள் அரப்புப் பொட்டலம்

போன வாரம் கார்த்திகா போன் செய்தாள். நம் பம்புக் கம்பெனி ஆய்வகத்தில் இப்போது ரப்பர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவளை நன்றாகத் தெரியும், எனக்கு அவள் குரல் மட்டுந்தான் பழக்கம். உடம்பு எப்படி, முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம மோட்டார் பெட்டிக்குள்ள ஒரு அரப்புப் பொட்டலம் போகுதுங்க இல்லீங்களா, அது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியலீங்க. ஸ்டோர்ஸ்ல கேட்டா சாமி சம்பிரதாயம்ங்கிறாங்க. பாக்கிங்ல கேட்டா விளம்பரம்ங்கிறாங்க. ஒருத்தரு எலி வராம இருக்கன்னு சொல்றாருங்க. இப்ப நாம புது ரப்பருக்கு மாறப் போறமுங்க. அதோட இதையும் எடுத்துப்போடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேனுங்க.”

எலிக்கு அரப்பு என்றதும் சிரித்துவிட்டேன். எண்ணெய் தேய்த்த தலைக்குப் போட்டுக் குளிக்கிற பொடி அது. எந்த எலி அதற்குப் பயப்படும்? சரி கண்ணு, எழுதி அனுப்புகிறேன், எல்லோரும் சேர்ந்து படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. பொட்டலத்தை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில் கடைசியில் இருக்கிறது. நடுவில் தாவிப் போகாதீர்கள், நான் பழைய ஆள், கோபம் வரும்.

நிறுவனத்தின் மலரில் என்னை ‘முன்னோடி’ என்று போட்டிருந்தீர்கள். முன்னோடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லாதவள் என்று அர்த்தம். நான் படித்து முடித்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பியபோது இங்கே வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், லேத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ரப்பரைப் பற்றிக் கேட்டால் வண்டி டயரைக் காட்டுவார்கள். பம்புக்குள் போகிற ரப்பர் எல்லாம் வெளியூரிலிருந்து வந்து இறங்கும். அதை இங்கேயே நாமே கலந்து செய்யலாம் என்று நான் போய்ச் சொன்னபோது ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, அம்மணி, டீச்சர் வேலைக்குப் போனா நல்லதுங்களே என்று அக்கறையாகச் சொன்னார். கொங்கு நாட்டில் விரட்டுவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

விரட்டாதவர் ஒருவர் இருந்தார். நம் பழைய முதலாளி. துடியலூர்ப் பக்கம் பவுண்டரிக்குப் பின்னால் கரி கொட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். பழைய கலவை இயந்திரம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டார். ரப்பருக்குக் கருப்பு நிறமும் வலுவும் தருகிற கரித்தூள் இருக்கிறதே, அது மூக்கு, காது, நகக்கண் எங்கும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டினால் சாமியார் ஒரு கணம் என் விரலைப் பார்ப்பார். எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற பெண்கள் என்னைக் கரிக்கடைக்காரி என்று கேலி செய்வார்கள். ஆலையில் எனக்கு ரப்பரம்மா என்று பெயர். இரண்டும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் கேரளத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. வாயில் எப்போதும் ஏலக்காய் வைத்திருப்பார். ஒருமுறை செருப்பு வார் அறுந்துபோகிறது என்று புகார் வந்தது. நான் பரிசோதனை மேல் பரிசோதனையாகச் செய்து வார் நன்றாக இருக்கிறது என்று அவரிடம் போய் நின்றேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் உட்கார வைத்துவிட்டார். படகிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் காலைச் சேற்றில் ஊன்றி, கட்டைவிரலால் செருப்பை வெடுக்கென்று இழுத்தார்கள். வார் அங்கேதான் அறுந்தது.

“ரப்பர் லேபில தோற்கில்ல மோளே, வீட்டில போய்த்தான் தோற்கும். தோற்குமிடத்தில போய் நில்லு. கண்டிட்டுப் பேசு” என்றார். திரும்பி வரும்போது எனக்கும் ஓர் ஏலக்காய் கொடுத்தார். அவ்வளவுதான் பாடம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்குகிற மோட்டார் உங்களுக்குத் தெரியும். அதோடு சேர்ந்த பம்புக்குள் சுழல்கிற தண்டைத் தாங்க வளையங்கள் உண்டு. அந்தக் காலத்தில் அவை வெண்கலம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் மணல் வரும். மணல் வெண்கலத்தை அரம் போலத் தேய்த்துவிடும், அடிக்கடி பம்பை மேலே தூக்கி மாற்ற வேண்டும், விவசாயி நொந்துபோவார். ரப்பர் வளையம் போட்டால் மணல் அதில் அழுந்தி வழுக்கிக்கொண்டு போய்விடும். பந்தை மண்ணில் அடித்தால் பந்தா தேய்கிறது? அதற்கென்று இயற்கை ரப்பரில் நான் ஒரு கலவை செய்தேன். தண்ணீரில் போட்டு வைத்தேன், மணலில் ஓட விட்டேன், எதற்கும் அசையவில்லை. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் வளையத்தைக் கையில் கொடுத்து, எங்க ரப்பரம்மா பண்ணுனதுங்க என்பார்.

நகரத்தில் பம்புகள் நன்றாக ஓடின. பவானி, அந்தியூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. இறக்கிய கொஞ்ச நாளில் பம்பு இறுகிப் பிடித்துக்கொள்கிறது, மோட்டார் சுற்ற முடியாமல் கருகிப்போகிறது. மேலே தூக்கிப் பிரித்தால் ரப்பர் வளையம் உப்பி, தண்டைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்படி நின்றுபோன பம்புகளில் ஒன்று முருகேசு வீட்டுப் பம்பு. முருகேசு என் உதவியாளன். அந்தியூருக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம். மகன் சொன்ன ஒரே சொல்லுக்காக அவன் அப்பா நம் பம்பை வாங்கி இறக்கினார். அது நின்றது. நாம் மாற்றிக் கொடுத்தோம். அதுவும் நின்றது. அவர்கள் மஞ்சள் போட்டிருந்தார்கள். மஞ்சள் இலை ஓரம் சுருட்டிக்கொண்டு நிற்கிறது, அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்தால் பையன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பான். கேட்டால், “அப்பா என்னைய ஒண்ணும் சொல்றதில்லீங்க மேடம். அதுதானுங்க தாங்கலை” என்றான்.

உப்பின வளையத்தைச் சோதித்துப் பார்த்தேன். ரப்பருக்குள் எண்ணெய் இருந்தது. தண்ணீருக்கு அசையாத இயற்கை ரப்பர் எண்ணெயைக் கண்டால் விடாது, குடித்து ஊதிவிடும். அது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிணற்றுக்குள் எண்ணெய் எங்கிருந்து வரும்? பம்பு பூட்டுகிற இடத்தில் நம் ஆட்கள் கிரீஸ் தடவுகிறார்களோ என்று போய்க் கேட்டேன். அங்கிருந்த மேஸ்திரி இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளிக்கு வேறு சந்தேகம். போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து ஊற்றுகிறான், போலீஸுக்குப் போகலாம் என்றார். எந்தத் திருடன் ஊர் ஊராகப் போய்ப் போர்க்குழியில் எண்ணெய் ஊற்றுவான் என்று கேட்டேன். அதற்கும் அவருக்குக் கோபம்.

விற்பனையாளர்கள் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“அம்மணி, டீலருங்க எல்லாம் வாராங்க. அவுங்களுக்கு ஒரு பதில் சொல்லோணுமுங்க. அந்தப் பக்கத்துப் போருல மணல் சாஸ்தி, மணலு அடைச்சுப்போட்டுதுன்னு நீங்களே எந்திரிச்சுச் சொல்லிப்போடுங்க. அதோட பிரச்சினை தீந்துது.”

“மணல் ரப்பரை உப்ப வைக்காதுங்க.”

“அப்ப எது வைக்குதுங்க?”

“தெரியலீங்க.”

“தெரியலைன்னு டீலருகிட்டச் சொல்ல முடியுங்களா? மணலுன்னு சொல்லுங்க. இல்லாட்டி எல்லாத்தையும் வெண்கலத்துக்கே மாத்திப்போடலாமுங்க. கொட்டாயைப் பழையபடி கரி போட வெச்சுக்கறேனுங்க.”

கொட்டகையை மூடுவேன் என்பதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாரும் நம்பாதபோது என்னை நம்பி இடம் கொடுத்தவர், அவருக்கும் காலடியில் நெருப்பு. ஆனால் மணல் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கெல்லாம் மாற்றுப் பம்பு கிடையாது, உங்கள் போர் சரியில்லை, போங்கள் என்று ஆகிவிடும். முருகேசு அப்பாவும் அதில் ஒருவர். சொல்லாவிட்டால் ஆய்வகம் இருக்காது. ஒரு வார்த்தைதான், தினமும் எத்தனையோ பேர் சுலபமாகச் சொல்கிற வார்த்தை. எனக்கும் வாய்வரை வந்தது, மறைக்கமாட்டேன்.

அப்போதுதான் ஏலக்காய் மனிதர் நினைவுக்கு வந்தார். முருகேசு வீட்டுக்கு இன்னொரு பம்பு போக வேண்டியிருந்தது. அது எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை என்னிடம் காரணம் கேட்காதீர்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். போயிட்டு வாங்க என்றார். போகும்போது பின்னாலிருந்து, மணல் எப்படி இருக்குதுன்னும் பாத்துட்டு வாங்க என்றார்.

நான் பேருந்தில் போய் இறங்கியபோது காலை வெயில் ஏறியிருந்தது. தோட்டத்து வீட்டில் சொந்தக்காரர்கள், ஒறம்பரைகள் எல்லாம் கூடியிருந்தார்கள். கிணற்றில் மோட்டார் இறக்குவது அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன விசேஷம். முதல் நாளே வந்த பம்பைக் மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவரோரம் நிற்க வைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திப் பூ சுற்றியிருந்தார்கள். முருகேசுவின் அப்பா என்னைப் பார்த்து வாங்க என்றார், உடனே கயிற்றை எடுக்கப் போய்விட்டார். நல்ல நேரம் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் என்றார்கள். அவன் அம்மா தெய்வானை, மோர் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்த உடம்பு, ஓயாத கால்.

“இந்த வாட்டியாவது நின்னுபோகாம ஓடோணுமுங்க. நேத்து கோயலுக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்திருக்கறனுங்க” என்றார். நான் மோரைக் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தெய்வானை அம்மா உள்ளே போய் ஒரு பித்தளைச் செம்பை எடுத்து வந்தார். பம்பின் மேல் வாயில் அதை அப்படியே சாய்த்தார். கடலை எண்ணெய். செம்பு நிறைய. மணம் எனக்கு எட்டியது. ஊற்றிவிட்டுப் பம்பை ஒரு கையால் தட்டிக்கொடுத்து, “நல்லா உறிஞ்சிக்க கண்ணு” என்றார்.

நான் திண்டிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முருகேசுவின் முகம் வெளுத்துப்போயிற்று. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம் அது. அதனாலேயே அது அவன் கண்ணில் பட்டதில்லை. என்னோடு எத்தனை மாதம் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டான், ஒருநாள்கூட எங்கம்மா ஊத்துவாங்க என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்போது அவன் ‘அம்மா’ என்று கத்த வாயெடுத்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன். பாவம், வலித்திருக்கும்.

முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சிரித்த முகமாகவே கேட்டேன். “இது எதுக்குங்க, எண்ணெ?”

அவன் அப்பாதான் பதில் சொன்னார். அன்று என்னிடம் அவர் பேசிய முதல் முழுப் பேச்சு. “முன்னால மாட்டைக் கட்டித் தோல் பறியில தண்ணி எறைச்சமுங்க. பறித் தோலுக்கு எண்ணெ போட்டு ஊற வெச்சாத்தான் வெடிக்காம இருக்கும். அப்புறம் மோட்டாரு வந்துதுங்க, அதுக்கும் ஊத்துனோம், நல்லாத்தான் ஓடுச்சுங்க. இப்ப ரப்பரு இருக்குதுன்னு பையன் சொன்னானுங்க. ரப்பரும் தோலாட்டந்தானுங்களே. அதனால கொஞ்சம் சேத்தியே ஊத்தறமுங்க.”

வெண்கலத்துக்கு எண்ணெய் நல்லது, அதனால் பழைய மோட்டார்களில் ஒன்றும் ஆகவில்லை. மகன் பெருமையாக எங்க ரப்பரு உள்ள இருக்குது என்று சொல்லப்போய், அம்மா இன்னும் பாசமாக ஒரு செம்பு கூட ஊற்றியிருக்கிறார்.

“போன தடவையும் இப்படித்தானுங்களா?”

“போன வாட்டி நல்ல நேரம் மறுநா வெடியால வந்துதுங்க. ராத்திரி பூராம் ஊற வெச்சமுங்க” என்றார் தெய்வானை அம்மா, நன்றாகச் செய்தேன் என்று சொல்கிற குரலில்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். நல்ல நேரத்துக்கு அதிக நேரமில்லை. ரப்பர் எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டது. பேசாமல் இருந்தால் இந்தப் பம்பும் போகும், மஞ்சளும் போகும். நிறுத்துங்கள், உங்கள் எண்ணெய்தான் பம்பைக் கெடுத்தது என்று சொன்னால் அது உண்மை. ஆனால் சுற்றி ஊர்ச் சனம் நிற்கிறது. கட்டிய மனைவியின் கையால்தான் மஞ்சள் காடு காய்ந்தது என்று அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிடும். அதன்பின் அந்த அம்மா எந்த விசேஷத்துக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டார். எனக்கு அந்த ஊரைத் தெரியாது, ஆனால் ஊர் என்றால் என்னவென்று தெரியும்.

பம்பைப் பார்த்தேன். மஞ்சள் பூசி, பூ வைத்து, எண்ணெய் வைத்து, தலைக்குக் குளிக்கப் போகிற பிள்ளை மாதிரி நின்றது. வாய் தானாகச் சொல்லிற்று.

“ஏனுங்க அம்மா, எண்ணெ வெச்ச புள்ளைய அரப்புப் போட்டுத் தண்ணி வாக்காம அனுப்புவீங்களா?”

 பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. “மோட்டாருக்கு அரப்புங்களா அம்மணி?” என்று தெய்வானை அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“எங்க ரப்பரு புதுசுங்க. எண்ணெ வெச்சா உடனே அலசிப்போடோணும். இல்லாட்டி அதுக்குச் சளி புடிச்சுக்கும்.”

சளி என்று சொன்னதற்காக வேதியியல் என்னை மன்னிக்கட்டும். சொன்ன மற்றதெல்லாம் சரிதான். அரப்பில் எண்ணெயை எடுக்கிற நுரை இருக்கிறது, ரப்பருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அலசத் தண்ணீர் வேண்டும், தோட்டத்தில் தண்ணீர் இல்லை. குடிக்கவே பக்கத்துக்காரர் தோட்டத்திலிருந்து குடத்தில் சுமந்துகொண்டிருந்தார்கள். தெய்வானை அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சுருண்டு கிடந்த மஞ்சளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எருமைக்கு வெச்ச தண்ணி இருக்குது. எடுத்து ஊத்து. அது பொழுதோட குடிச்சுக்கட்டும்” என்றார்.

பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி அரப்பைக் கரைத்தாள், ஒருத்தி பம்பைச் சாய்த்துப் பிடித்தாள். பச்சை நுரை பொங்கி வழிய, உள்ளே ஊற்றி, குலுக்கி, கவிழ்த்து, மறுபடி ஊற்றினார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற அத்தனை பேச்சும் அந்தப் பம்புக்குக் கிடைத்தது. கண்ணுல படாமப் பாத்துக்க என்று ஒருத்தி சொல்ல, மோட்டாருக்கு எங்கடி கண்ணு என்று இன்னொருத்தி கேட்டாள். வழிகிற தண்ணீரை நான் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு போகிறவரைக்கும் விடவில்லை. எருமை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

நல்ல நேரத்துக்குப் பம்பு இறங்கியது. மின்சாரம் வரும்வரை காத்திருந்தோம். சுவிட்சைப் போட்டார்கள். குழாய் முதலில் காற்றாகத் துப்பியது, அப்புறம் கலங்கலாக, அப்புறம் தெளிவாகத் தண்ணீர் கொட்டியது. முருகேசு வாய்க்காலில் இறங்கி நின்றான். அவன் அப்பா போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, “செருப்பைக் கழட்டீட்டு எறங்குடா” என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய பேச்சு. பையன் கழட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, எருமைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஆனால் ஓடத் தொடங்கியதாலேயே வெற்றி ஆகாது. முந்தைய பம்புகளும் முதலில் ஓடத்தான் செய்தன. ஆய்வகத்துக்கு வந்து, அதே எண்ணெயை ஊற்றி ஊற வைத்த வளையத்தையும், உடனே அரப்புப் போட்டு அலசிய வளையத்தையும் வைத்துப் பார்த்தேன். ஊறியது உப்பியது, அலசியது அப்படியே இருந்தது. ஊரிலும் பம்பு நிற்கவில்லை. அதன்பின் முதலாளியிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் துள்ளிக் குதித்தார்.

“அப்படிப் போடுங்க அம்மணி. எண்ணெ ஊத்துனது அவுங்க. தப்பு அவுங்களுது. நமக்கு ஒரு பொறுப்பும் இல்லீங்க. இதையே கூட்டத்துல சொல்லிப்போடலாம்.”

“சொல்லமாட்டனுங்க.”

“ஏனுங்க? இதுதான் நெசமுன்னு நீங்களேதான சொன்னீங்க?”

“நீங்க புதுக் கார் வாங்கினா எலுமிச்சம்பழம் வைக்காம எடுப்பீங்களா? புது லேத்துக்குச் சந்தனம் பூசாம சுவிட்ச் போட்டிருக்கீங்களா? நம்ம ஊருல ஒரு பொருள ஆசையா ஊட்டுக்குள்ள கூட்டியாந்தா அதுக்கு எண்ணெயோ மஞ்சளோ படத்தான் செய்யும். அதத் தாங்காத ரப்பரு இந்த ஊருக்கு ஆகாத ரப்பருங்க. ரப்பரை நான் மாத்தறேன். அவுங்களை மாறச் சொல்லாதீங்க.”

அவர் எழுந்து என்னோடு வாசல்வரை வந்தார். கடைசியில், “கொட்டாயில கரி போடப் போறதில்லீங்க, பயப்படாதீங்க” என்றார். கூட்டத்தில் நான் எழுந்து, எங்கள் ரப்பர் எண்ணெய்க்குத் தாங்காது, வேறு கலவை செய்துகொண்டிருக்கிறேன், நின்ற பம்புகளை மாற்றித் தருவோம், அதுவரை எண்ணெய் வைத்தால் அரப்புப் போட்டு அலசிவிட்டு இறக்கச் சொல்லுங்கள் என்றேன். விற்பனையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பம்புக் கம்பெனியா, தலைமுழுகற எடமுங்களா என்று ஒருவர் கேட்டார். சிரித்தாலும் போய்ச் சொன்னார்கள். நான் புதுக் கலவை செய்து முடித்தேன், அதன்பின் எண்ணெயால் ஒரு பம்பும் நிற்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். புது ரப்பர் வந்த பிறகு அரப்புக்கு வேலையே இல்லை. பிறகு ஏன் பொட்டலம் பெட்டிக்குள் போயிற்று என்று கார்த்திகா கேட்பாள், கணக்கு நேராகாமல் அவள் விடமாட்டாள்.

மஞ்சள் வெட்டி முடித்த பிறகு தெய்வானை அம்மா ஒருநாள் ஆய்வகத்துக்கே வந்தார். ஒரு பை நிறைய மஞ்சள் கொண்டுவந்திருந்தார். முருகேசுவை டீ வாங்கி வர அனுப்பினார். அவன் போகிறவரை கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? முன்னால ரெண்டு மோட்டாரு நின்னுபோச்சுங்களே, அது என்னாலதானுங்களா?”

யாரும் அவரிடம் சொல்லவில்லை. முருகேசு சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டான். அரப்புப் போடாத மோட்டார்கள் நின்றன, போட்டது ஓடுகிறது. அவரே கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். மஞ்சள் வெட்டுகிற வரைக்கும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

முதலாளி மணல் என்று சொல்லச் சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. இல்லீங்க, உங்களாலே இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அந்த அம்மா பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் ஆயுசுக்கும் தன் மேலேயே போட்டுக்கொள்வார்.

“எண்ணெயாலதானுங்க” என்றேன். “ஆனா நீங்க ஊத்துனது ஆசையில. அத எதிர்பாக்காம ரப்பரு செஞ்சது நானு. உங்க ஊட்டுக்கு வந்து பாத்துட்டு அப்புறம் செஞ்சிருந்தா ஒரு மோட்டாரும் நின்னிருக்காதுங்க.”

அவர் மேசை மேலிருந்த வளையத்தை எடுத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எங்கூட்டுக்கு நீங்க வந்தீங்க. வந்ததுனால அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னால என்ற மானம் போகலீங்க. எல்லாரு ஊட்டுக்கும் நீங்க வந்து நிக்க முடியுங்களா? ஒரு பொட்டலம் அரப்பாவது அனுப்பிவிடுங்க.”

புது ரப்பர் எண்ணெயைத் தாங்கும், தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நாளைக்கு யாராவது வந்து ரப்பரை மாற்றுவார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும். மாற்றத்தான் வேண்டும். மாற்றுகிறவர்கள் ஆய்வகத்தில் தண்ணீரிலும் மணலிலும் போட்டுப் பார்ப்பார்கள். எண்ணெயைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வது? பெட்டிக்குள் பொட்டலம் கிடந்தால் இது எதற்கு என்று ஒருவராவது கேட்பார். அந்த வாரத்திலிருந்து பொட்டலம் பெட்டிக்குள் போக ஆரம்பித்தது.

கார்த்திகா, நீ தேர்ந்தெடுத்திருக்கும் புது ரப்பர் நல்ல ரப்பர். சூட்டைத் தாங்கும், நம்முடையதைவிட ரொம்ப நாள் உழைக்கும். எண்ணெயைக் கண்டால் மட்டும் என் முதல் கலவை மாதிரியே குடித்து உப்பும், அது உனக்கே தெரியும். கிணற்றில் ஏது எண்ணெய் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன் கண்ணு. என் வீட்டில் போன வருடம் மோட்டார் மாற்றினார்கள். இறக்க வந்த பையன் பக்கத்து வீட்டில் எண்ணெய் வாங்கி வந்து, ஊத்தட்டுங்களாம்மா என்று கேட்டான். தோல் பறியை அவன் பார்த்ததே இல்லை. எதற்கு என்றேன், எல்லாரும் ஊத்துவாங்கம்மா என்றான்.

ஆகவே நீங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ரப்பரையோ பொட்டலத்தையோ தொடுவதற்கு முன்னால் யாராவது இரண்டு பேர் பேருந்து ஏறிப் போய் ஒரு மோட்டார் இறங்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகிறவர்கள் ஒரு பொட்டலம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா இன்றைக்கும் செம்பில் எண்ணெய் எடுத்துக்கொண்டு வருவார். அவர் பின்னொரு நாள் உங்கள் ஆய்வகத்துக் கதவைப் பார்த்துவிட்டு, என்னாலதானுங்களா என்று கேட்க வேண்டி வரக்கூடாது.